இணைச்சீருக்கு நின்றவள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மேச்சேரியில் கால்நடை ஆய்வாளராக இருக்கிறேன். நாள் முழுக்க ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடுகிறவள், பொறுமைசாலியாகத்தான் இருப்பாள் என்று நம்பிப் பெண் பார்க்க வந்து ஏமாந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. என் பொறுமையெல்லாம் ஆட்டோடு சரி, ஆட்டை ஓட்டி வருகிறவர்களிடம் பட்டென்று பேசிவிடுவேன். என் நாத்தனார் ஸ்ரீதேவியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தவள் என் குணத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அவளைப் பற்றித் தெரிந்த அன்று எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கடுங்கோபம்.

என் மாமனார் வெங்கடாசலத்துக்கு நாமக்கல் பரமத்தி சாலையில் முட்டைக்கோழிப் பண்ணை. மாமியார் பெயர் ராசம்மாள். மகன் சிவபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மேனேஜர், வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே பையன், பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம் என்று தரகர் சொன்னார். எங்கள் வீட்டில் விசாரித்தார்கள், பிடித்தது, நிச்சயம் முடிந்தது.

அடுத்து இரண்டு வீட்டாரும் பட்டெடுக்க இளம்பிள்ளைக்குப் போனோம். கூறைச்சேலை எடுத்தாயிற்று. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் முறையில் இணைச்சீருக்கு நிற்கப்போகும் அவர் பெரியப்பா மகள் மஞ்சுளாவுக்கு ஒரு பட்டு எடுத்தாயிற்று. எல்லோரும் காப்பி குடிக்கப் போன நேரத்தில் சிவபிரகாஷ் மட்டும் ஒரு ஓரத்தில் பருத்திச் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவர் ஒவ்வொன்றையும் கழுத்தில் தேய்த்தார், பிறகு முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். கடைப்பையன்கள் சிரித்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். தங்கச்சிக்கு என்றார்.

தங்கை இருக்கிறாள். முப்பது வயது. பெயர் ஸ்ரீதேவி. பத்து அடி தூரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் குடும்பத்துக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. சொரசொரப்பான துணி உடம்பில் பட்டால் அவளால் தாங்க முடியாது, அதனால்தான் தேய்த்துப் பார்க்கிறேன் என்றார். அப்போது நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "பைத்தியமா?" என்று கேட்டேன். அவர் சேலையை மடித்து வைத்தார்.

"இல்லீங்க. ஆட்டிசம்னு சேலத்துல டாக்டரு சொன்னாரு. பைத்தியம்னு சொல்றவங்களுக்குப் பயந்துதான் எங்கம்மா அவளையே மறைச்சுட்டாங்க. நான் தடுக்கல. அது எந் தப்பு."

கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொன்ன வீடு. பிறகு, தங்கையின் தோலுக்கு உறுத்தாத சேலை தேடி இருபது சேலையைக் கழுத்தில் தேய்த்த மனிதரையும் நினைத்தேன். எதுவானாலும் அவளை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பண்ணைக்குப் போய்விட்டேன்.

கோழிக்கொட்டகையின் வாசலில் வெளிர்நீலச் சுடிதாரில் ஒருத்தி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

"நீங்க ஷாலினி. போட்டோல பாத்தேன். மருந்துத் தண்ணில காலை நனைக்காம உள்ள வரக்கூடாதுங்க."

வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களுக்கு இதே பாடம் எடுக்கிறவள் நான். நான்தான் அதைத் தாண்டிக் காலை வைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு காலை நனைத்தேன்.

அன்றைக்கும், அதற்கப்புறம் பல நாளும், அவளும் அவள் அண்ணனும் சொன்னதைச் சேர்த்தால் அவள் வாழ்க்கை இதுதான். மூன்று வயது வரை பேசவில்லை. பேசத் தொடங்கியதும் முழு வாக்கியமாகப் பேசினாள், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள், தனக்குத் தோன்றியதைச் சொல்வாள். ஊரே மருத்துவரானது. கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், இரண்டு முறை மொட்டை போட்டார்கள். பள்ளிக்கூட மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்வாள் என்பதற்காக ஆறாம் வகுப்போடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மணியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறினாள்.

பதினேழு வயதில் மஞ்சுளாவுடைய அண்ணன் கல்யாணத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இணைச்சீர் நடந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் புதுச்சேலை உடுத்தி, மூங்கில் பேழைமூடியைத் தலையில் வைத்து மணவறையைச் சுற்றி வந்து, அண்ணன் பக்கத்தில் இணையாக நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி இவள் கையில். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பன் சித்தப்பன் மகள் நிற்பாள், ஒருத்தியும் நிற்காமல் சீர் நடக்காது. அன்றைக்கு மஞ்சுளா பேழைமூடியைத் தூக்கியதும் தவில் திடீரென்று முழங்கியது. ஸ்ரீதேவி அலறிக்கொண்டு, குறுக்கே இருந்த தாம்பாளங்களைத் தட்டிவிட்டு வெளியே ஓடினாள். மண்டபம் முழுக்கப் பார்த்தது. அதோடு அவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போகவில்லை. பதின்மூன்று வருடம். முதலில் உடம்பு சரியில்லை என்றார்கள், அப்புறம் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்றார்கள், கடைசியில் யாரும் கேட்பதை நிறுத்தியபோது ஒரே பையன் என்றார்கள்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம். பண்ணையில் ஒரு கொட்டகை முழுக்க அவள் பொறுப்பு. தீனி, தண்ணீர், முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவது எல்லாம் அவள்தான். பத்தாயிரம் கோழி ஒன்றாகக் கத்தும் இடத்தில் நிம்மதியாக இருப்பவளுக்கு ஒரு தவில் ஆகாதா என்று கேட்டேன். கோழிச் சத்தம் எப்போதும் இருக்கும், எப்போது வரும் என்று பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்றாள். முப்பது வருடமாக ஒருத்தரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர், அவளுக்கு அபார ஞாபகசக்தி இருக்குமாமே, தேதி சொன்னால் கிழமை சொல்வாளாமே என்று ஆசையாகக் கேட்கிறார்கள். சொல்ல மாட்டாள். நேற்று சோப்பை எங்கே வைத்தாள் என்பதே அவளுக்கு நினைவிருக்காது. ஏதாவது வித்தை காட்டினால்தான் மனுஷியாகச் சேர்த்துக்கொள்வோம் என்கிறவர்களுக்கு நான் இரண்டாவது காப்பி கொடுப்பதில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன், உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். சேலை, வளையல் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். முட்டை அட்டையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எங்கண்ணனுக்கு இணைச்சீருக்கு நாந்தான் நிக்கோணும். மஞ்சுளாக்கா அவங்கண்ணனுக்கு நின்னாச்சு. எனக்கு ஒரே அண்ணன்தான், ஒரே தடவைதான் நிக்க முடியும்."

மஞ்சுளா வீட்டுக் கல்யாண வீடியோவை அவள் செல்போனில் வைத்திருந்தாள். இணைச்சீர் பகுதியை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் அவள் அலறி ஓடுவதும் இருக்கிறது. நானாக இருந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பேன். அவள் தள்ளுவதில்லை. எதனால் ஓடினேன் என்று தெரிந்தால்தானே அடுத்த தடவை ஓடாமல் இருக்கலாம் என்றாள். இந்தக் கல்யாணம் நடக்கும், அதில் இவள் நிற்பாள் என்று வண்டியை எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். வீட்டில் சொன்னதும் என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மறைத்தது பெரிய தப்பு, அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர் பயம் வேறு. ரத்தத்தில் ஓடுகிற சமாச்சாரம், நாளைக்கு உன் பிள்ளைக்கும் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நம் ரத்தத்தில் சர்க்கரை ஓடுகிறது, உங்கள் முன்கோபம் எனக்குள் ஓடுகிறது, அதையெல்லாம் தரகரிடம் சொன்னோமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் விடவில்லை. கடைசியில் அழுத்திச் சொன்னேன்.

"வந்தா வளத்துவேனுங்கப்பா. ஒளிச்சு வெக்க மாட்டேன்."

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பத்திரிகை கொடுக்கக் கிளம்பினார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. மற்ற சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டதற்கு, அதை மறைத்தவர்களே சொல்லட்டும் என்றார்.

மாமியாரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டைக்குத் தயாராகப் போனேன். ராசம்மாள் சண்டை போடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அவளைக் கண்டு வெக்கமில்ல சாமி. அன்னிக்கு அவ ஓடுனப்போ மண்டபமே சிரிச்சுது. நான் பெத்த பொண்ணு உசுரு போற மாதிரி கத்தறா, பாத்துச் சிரிக்கறாங்க. இன்னொருக்கா அதைப் பாக்க என்னால ஆவாது."

என் கோபம் அந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை. இத்தனை வருடம் மறைத்து வைத்ததை அவர் காவல் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை உருவினேன். ஸ்ரீதேவி உள்ளே வந்து, சிரித்தால் எனக்குக் காது கேட்காது, நான் காதடைப்பான் போட்டுக்கொள்வேன் என்று அறிவித்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். கடைசியில் மாமியார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மஞ்சுளாவும் பட்டுடுத்தி முன்வரிசையில் தயாராக இருக்க வேண்டும், இவள் தடுமாறினால் உடனே அவள் எழுந்து வந்துவிட வேண்டும். ஸ்ரீதேவி கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் தடுமாற மாட்டேன், ஆனால் அவர்கள் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள்.

நாற்பது நாள் இருந்தது. தினமும் கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்ததும் கொட்டகையின் நடுவழியில் பழகினாள். பேழைமூடிக்குப் பதிலாக ஒரு மூங்கில் தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். சிவபிரகாஷ் சத்தீஸ்கரில் ரிக்கோடு இருந்ததால் அவர் இடத்தில் நான் நின்றேன். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையாக நின்ற மணப்பெண் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருநாள் நான் சும்மா சிரித்துக்கொண்டே இருக்க, மாப்பிள்ளை இவ்வளவு பல் காட்டக் கூடாது என்று கண்டித்தாள். செல்போனில் தவில் சத்தத்தை மெல்ல வைத்து, வாரத்துக்கு வாரம் கூட்டினாள். மூன்றாவது வாரம் ஒருநாள் தாங்க முடியாமல் தட்டைப் போட்டுவிட்டுக் கொட்டகையின் கோடியில் போய் உட்கார்ந்து அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. தானாக எழுந்து வந்து, சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வைத்து மறுபடியும் நடந்தாள்.

காதடைப்பான், கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஊர் திரும்பிய அண்ணன் கொண்டுவந்தது. ரிக் ஓடும்போது ஆட்கள் மாட்டிக்கொள்கிற தடித்த ஆரஞ்சு நிறச் சமாச்சாரம். அது சத்தத்தைக் குறைக்கும், திடீரென்று வருவதைத் தடுக்காது என்றாள். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேளக்காரர் வீட்டுக்கே போய், எந்த இடத்தில் தவில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தொடங்குமுன் தன்னைப் பார்க்க வேண்டும், தான் தலையாட்டிய பிறகுதான் அடிக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக வாசிக்கிறேன், எனக்கு அட்டவணை போட்டுக் கொடுத்த முதல் ஆள் நீதான் அம்மிணி என்று அவர் சிரித்தாராம். ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் திருச்செங்கோட்டில். விடிந்து கொஞ்ச நேரத்தில் இணைச்சீர். மணப்பெண் அந்த நேரத்தில் வெளியே வரக்கூடாது என்று என்னை அறையில் உட்காரவைத்து, பாதி அலங்காரத்தில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் அருமைக்காரர் செங்கோடன், எங்கள் பக்கத்துச் சீரெல்லாம் நடத்தி வைக்கிற பெரியவர், இணைச்சீர்க்காரியை அழைத்து வரச் சொன்னது கேட்டது. நான் எழுந்துவிட்டேன். ஒப்பனை செய்துகொண்டிருந்த பெண் என் பின்னலின் நுனியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். கதவைத் திறந்து பார்த்தேன்.

ஸ்ரீதேவி மேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தாள். அண்ணன் எடுத்த மஞ்சள் பருத்திச் சேலை, தலையில் பூ இல்லை, காதில் ஆரஞ்சு அடைப்பான். மாமியார் அவளுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் மஞ்சுளா பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. இளவட்டங்கள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கினார்கள். ஒரு மூலையிலிருந்து சிரிப்புச் சத்தமும் வந்தது.

அப்போது எங்கள் பக்கத்துப் பெரியப்பா, ராசிபுரத்திலிருந்து வந்தவர், விவரம் தெரியாதவர், எழுந்து நின்று உரக்கக் கேட்டார். அவருக்கு எப்போதுமே மைக் தேவையில்லை.

"இந்தப் புள்ளை யாருங்க? மாப்பிள்ளை ஒரே பையன்னுதானே சொன்னீங்க?"

மஞ்சுளா பாதி எழுந்தாள், என்ன செய்வதென்று மாமியாரைப் பார்த்தாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மணையில் உட்கார்ந்திருந்த சிவபிரகாஷ் எழப் போனார், செங்கோடன் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். இப்போது ராசம்மாள் வாயைத் திறக்காவிட்டால், நாற்பது நாளும் அதற்கு முந்தைய பதின்மூன்று வருடமும் சேர்ந்து வீண் என்று எனக்குத் தெரிந்தது.

மாமியார் மஞ்சுளாவைப் பார்த்து உட்காரும்படி கை காட்டினார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒண்ணுன்னு சொன்னது நாந்தான், தரகரு மேல தப்பில்ல. இவ எம் பொண்ணு ஸ்ரீதேவி. சத்தம் இவளுக்கு ஆவாது, அதனால காதுல மாட்டியிருக்கறா. சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுக்குங்க. அவளுக்கு நேரமாவுது."

யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய செல்போன்களில் இரண்டு இறங்கின. பெரியப்பா, "அப்பிடிங்களா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கண்ணீர் வந்து, போட்ட மை முழுக்கக் கரைந்துவிட்டது.

ஸ்ரீதேவி பேழைமூடியை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்தாள். மேளக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டவில்லை. மாமியார் பேசி முடித்த இடத்திலேயே அழுதுகொண்டு நின்றிருந்தார். பதின்மூன்று வருடம் கழித்து மகளைக் கட்டிக்கொள்வதற்கு அவர் கை நீண்டது. ஸ்ரீதேவி ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள்.

"அப்பறம் அழுதுக்கலாம்மா. நான் நடக்கற வழில நிக்கறே, நகரு."

அம்மா நகர்ந்தார். அவள் மேளக்காரரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நடந்தாள்.